பட்டாசுத் தீக்காய முதலுதவியைப் பண்டிகைக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நெசவாளர் குடும்பத்துத் தாய் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: தற்காலிகப் பட்டாசுக் கடைகளில் தீக்காய முதலுதவி அறிவிப்பைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். போன தீபாவளி அன்று இரவு ஏழரை மணிக்கு, அரசு அனுமதித்த நேரத்துக்குள்தான், என் ஒன்பது வயது மகனின் கை வெந்தது. திரி அணைந்துவிட்டது என்று நினைத்து புஸ்வாணத்தைக் குனிந்து எடுத்தான், வெடித்துவிட்டது. தெருவே ஓடி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவை அள்ளி அப்பினார். பேனா மை ஊற்று என்றார் ஒருவர், பேஸ்ட் தடவு என்றார் இன்னொருவர். நானே மேலே மஞ்சளைத் தூவினேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மாவு காய்ந்து இறுகிவிட்டது. நர்சம்மா சலைன் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மாவோடு தோலும் வந்தது. வெடித்தபோது அழுததைவிட அப்போதுதான் பிள்ளை அதிகம் கதறினான். கையில் கிடந்த செம்புக் காப்பு வீக்கத்தில் புதைந்துபோக, அதை வெட்டித்தான் எடுத்தார்கள். "பச்சத் தண்ணிய ஊத்திக் கூட்டிட்டு வந்திருந்தா போதுமேம்மா" என்றார் அவர். என் வீட்டு வாசலில் அன்று இரண்டு குடம் தண்ணீர் நிறைந்திருந்தது.

பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுட்ட இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும், ஐஸ் கூடாது. வளையல், மோதிரம், அரைஞாணை வீங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது 108-ஐ அழைக்க வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும்.

கண்ணில் பட்டால் மட்டும் முறை வேறு. தேய்க்கவோ, அழுத்தவோ, கழுவவோ கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கவும் கூடாது. பேப்பர் கப்பை அழுத்தாமல் கவிழ்த்து வைத்து, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் நாங்கள் முதலில் செய்வதோ கண்ணைக் கசக்கி ஊதுவதுதான்.

2018-இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்பது எங்கள் தெருக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். தீபாவளி வந்தால் திரும்பத் திரும்ப அறிவிக்கிறீர்கள், அதனால் தெரிகிறது. தண்ணீர் ஊற்றுங்கள், மாவு தடவாதீர்கள் என்று அதே அறிவிப்பில் இரண்டு வரி சேர்த்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்.

ஆகவே, தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு உரிமம் வழங்கும்போது, மேற்சொன்ன முறைகளைப் பெரிய எழுத்தில் பலகையாக வைப்பதையும் பட்டாசுப் பையோடு ஒரு துண்டுத்தாள் தருவதையும் நிபந்தனையாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கம்பி மத்தாப்புதானே என்று சின்னப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். அதன் சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், எரிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போட வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். காலையில் வரும் குப்பை வண்டி ஒலிபெருக்கியில் இதைச் சொன்னால் படிக்கத் தெரியாத பெரியவர்களையும் எட்டும். தீபாவளி விடுமுறைக்கு முன் பள்ளிகளில் ஒருமுறை செய்து காட்டலாம்.

பண்டிகை இரவுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தீக்காய மருந்தும், டெட்டனஸ் ஊசியும், அதைப் போட ஆளும் இருக்க ஆணையிட வேண்டும். வைகாசியில் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் வாணவேடிக்கை நடக்கும், கூட்டம் அலைமோதும். அதற்கும் இந்த ஏற்பாடு வேண்டும்.

என் மகனுக்கு விரல் மடங்குகிறது, பென்சில் பிடிக்கிறான். இந்தத் தீபாவளிக்குக் கடைகள் திறப்பதற்கு முன்பே ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)