நள்ளிரவில் டார்ச் அடித்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. படகின் பெயரையும் பார்க்கவில்லை. நீலப் படகு, ஒற்றைப் பாய்மரம், பின்னால் கட்டிய சாம்பல் நிற டிங்கி (கரைக்குப் போகும் சிறு படகு), அப்புறம் உங்கள் குரல். நினைவில் இருப்பது இவ்வளவுதான். போன வருடம் அந்தக் குடாவில் எங்கள் நங்கூரம் பிடிவிட்டுப் படகு நகர்ந்தபோது, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஊதுகுழலை ஐந்து முறை விட்டு விட்டு ஊதி, எங்கள் கேபின் சன்னலில் டார்ச் அடித்து, "தம்பி, படகு போகுது, எழுந்திரு!" என்று கத்தினீர்கள். அன்று பதற்றத்தில் சரியாக நன்றி சொல்லவில்லை. எங்காவது இது உங்கள் கண்ணில் படும் என்று நம்பி எழுதுகிறேன்.

அன்றைய பகல் எங்களுக்கு மிக நன்றாகப் போயிருந்தது. கரையிலிருந்து வீசிய காற்று பக்கவாட்டில் பிடித்தது, கடல் தட்டையாக இருந்தது. 28 கடல் மைலை ஆறு மணி நேரத்துக்குள் ஓடிவிட்டோம். எஞ்சினைத் தொடவே இல்லை. நானும் என் மனைவியும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தோம். பாய் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்ற நிறைவோடு குடாவுக்குள் நுழைந்தோம். நங்கூரம் போடுவதை, வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடுவது போன்ற வேலையாகத்தான் அப்போது நினைத்திருந்தேன்.

எங்கே தவறினேன் என்பதை உங்களிடம் அன்று முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

மாலை ஆறு மணி, தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். ஆழமானி 5 மீட்டர் காட்டியது. 20 மீட்டர் சங்கிலி விட்டேன். ஆழத்தைப் போல நான்கு மடங்கு, அமைதியான இரவுக்குப் போதும் என்று கணக்கு. ஆனால் சங்கிலி தண்ணீர் மட்டத்திலிருந்தா தொடங்குகிறது? அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து தொடங்குகிறது, அது தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். அமாவாசைக்கு மறுநாள் வேறு. ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும் நாள், தண்ணீர் 2 மீட்டர் ஏற வேண்டியிருந்தது. வற்றத்திலிருந்து ஏற்றம் வரையுள்ள ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் ஏறிவிடும். நாங்கள் சாப்பிட்டுப் படுத்த நேரமே அதுதான். நள்ளிரவில் 5, 2, 1 என்று கூட்டினால் 8 மீட்டர். என் 20 மீட்டர் அதற்கு இரண்டரை மடங்குதான்.

மறுநாள் காலை நீங்கள் எங்கள் படகுக்கு வந்து, ஒரு கயிற்றை மேசைமேல் போட்டு விளக்கினீர்களே, அதற்கு முன் அந்த மடங்குக் கணக்கு ஏன் என்றே எனக்குத் தெரியாது. சங்கிலி நீளமாகக் கிடந்தால் இழுப்பு தரையோடு தரையாக வரும், நங்கூரம் இன்னும் ஆழமாகப் புதையும். சங்கிலி குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். சங்கிலி என்றால் ஐந்து மடங்கு, பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு, காற்று வலுத்தால் அதற்கும் மேலே. மடங்கு பார்க்க வேண்டியது இரவு வரப்போகும் உச்ச ஏற்றத்துக்கு, போடும் நேரத்து ஆழத்துக்கு அல்ல. பாய் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களும் இதைச் சொல்லியிருப்பார்கள். அன்று உங்கள் விரல் அந்தக் கயிற்றைத் தூக்கிக் காட்டியபோதுதான் மண்டையில் ஏறியது.

எங்கள் நங்கூரம் கனமானது, அதனால் நிற்கும் என்றும் நம்பியிருந்தேன். கனத்துக்கு அதில் பங்கு குறைவு, வடிவத்துக்கும் புதைவதற்கும்தான் பங்கு அதிகம் என்று நீங்கள் சொன்னபிறகு தேடிப் படித்தேன். ஏர்க்கொழு வடிவத்தில் வரும் சி.க்யூ.ஆர். நங்கூரத்தை 1933இல் வடிவமைத்தவர் ஜெஃப்ரி இன்கிராம் டெய்லர், திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர். அவரே பாய்ப்படகுக்காரர். மண்ணை உழுதுகொண்டு உள்ளே போகிற வடிவம் இருந்தால் குறைந்த எடையே போதும் என்று காட்டினார். அதன்பிறகு வந்த நல்ல நங்கூரங்கள் எல்லாமே புதைவதை நம்பித்தான் நிற்கின்றன. எங்களுடையது அன்று புதையவே இல்லை. அதை மேலே இழுத்தபோது உங்கள் டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்தேன்: கொழுவில் சேறும் இல்லை, மணலும் இல்லை, ஒரு கொத்துக் கடற்புல் மட்டும் தொங்கியது. நான்கு மணி நேரம் நாங்கள் புல்லின் மேல் தூங்கியிருக்கிறோம்.

அந்தப் புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன்மேல் நங்கூரம் போடுவது படகுக்கும் கேடு, புல்லுக்கும் கேடு. மத்தியதரைக் கடலில் வளரும் போசிடோனியா என்ற கடற்புல் பரவுவது வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஒரு நங்கூரம் பிடுங்கிய வழுக்கை ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் அதன்மேல் நங்கூரம் போடுவதையே 2018இல் தடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் சூரியன் உயரத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்கிறோம். என் மனைவி அணியத்தில் நின்று வெளிறிய மணல் திட்டைத் தேடுவாள். கருமையாகத் தெரிந்தால் புல் அல்லது பாறை, அங்கே போடுவதில்லை. இடம் கிடைக்கும்வரை இரண்டு மூன்று சுற்று வருகிறோம்.

காற்று விஷயத்தில்தான் என்னை மன்னிக்க முடியவில்லை, அண்ணே. மாலை வானிலை அறிக்கையில் நள்ளிரவில் காற்று திசை மாறும், மழையோடு வலுக்கும் என்று தெளிவாக இருந்தது. படித்தேன். படித்துவிட்டும் அந்த இடத்திலேயே நின்றேன், ஏனென்றால் மாலையில் அந்தக் குடா அவ்வளவு அமைதியாக இருந்தது. நிலப்பக்கக் காற்றுக்குப் பாதுகாப்பான இடம் கடல்பக்கம் திறந்திருக்கிறது என்றால், காற்று திரும்பியதும் அதுவே பொறி, பின்னால் பாறை. 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று 20 நாட் ஆனால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்கு. 30 ஆனால் ஒன்பது மடங்கு. இதை எண்ணாகத் தெரிந்திருப்பது வேறு, தூக்கத்திலிருந்து எழுந்து, பாறையில் அலை உடையும் சத்தம் பக்கத்தில் கேட்கும்போது தெரிவது வேறு.

அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "பயப்படாதே. முதல்ல எஞ்சின். சங்கிலி மேலேயே மெதுவா முன்னால போ, அப்புறம் இழு." சங்கிலி தளர்ந்ததும் இழுத்தேன், மனைவி சுக்கானில். நீங்கள் உங்கள் படகில் நின்றபடியே தண்ணீரில் வெளிச்சம் அடித்து, மணல் இருந்த இடத்தைக் காட்டினீர்கள். "அங்கே போடு, நாற்பது மீட்டர் விடு." 6 மீட்டர் ஆழம், அணியத்தோடு 7. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அப்படியே நின்றது. விடியும்வரை அசையவில்லை.

அன்றைக்கு உங்களுக்கு மிக அருகில் போட்டவன் நான். முதலில் வந்து நின்ற படகு நீங்கள், காற்று திரும்பினால் உங்கள் படகு சுற்ற வேண்டிய வட்டத்தை நான் அடைத்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காற்று மாறும் என்று தெரிந்ததால் உட்கார்ந்து காவல் இருந்ததாகவும், எங்கள் பாய்மரத்து வெள்ளை விளக்கு கரையிலிருந்த விளக்கைத் தாண்டி நகர்ந்ததைப் பார்த்ததாகவும் மட்டும் சொன்னீர்கள். அந்த விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். நங்கூரம் போட்டு நிற்கும் படகிடம் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் கேட்கிற விளக்கு அது, பகலில் அணியத்தில் கருப்பு உருண்டை. விதிக்காகப் போட்டது என்னைக் காப்பாற்றியது.

இப்போது நங்கூரம் போட மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குகிறோம். சங்கிலியைக் குவியலாகக் கொட்டாமல், படகு பின்னால் போகப் போக விடுகிறோம். அமர்ந்தபின் எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாக ஏற்றி, ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கிறோம். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது, சங்கிலி மேல் கை வைத்துப் பார்ப்பது, இரண்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்தவை. கைக்கு அதிர்வு தெரிந்தால் தரையில் இழுபடுகிறது. முறுக்கேறி அமைதியாக இருந்தால் பிடித்திருக்கிறது. அப்புறம் சங்கிலியில் ஒரு நைலான் கயிற்றைக் கொக்கி போட்டு, இழுப்பை அதற்கு மாற்றுகிறோம், அலையின் வெட்டை அது நீண்டு வாங்கிக்கொள்ளும். ஜிபிஎஸ் அலாரமும் வைக்கிறோம். ஆனால் நான் முதலில் நம்புவது மரத்தையும் பாறையையும்தான்.

கடலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நடுக்கடலைத்தான் பயத்தோடு சொல்கிறார்கள். உலகத்தை முதன்முதலில் தனியாகப் பாய்ப்படகில் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், 1895இல் உருகுவே கரையை ஒட்டி ஓட்டப்போய்த்தான் தரைதட்டினார். படகை மீட்க, சிறு படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு போனார், அது கவிழ்ந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது, எப்படியோ அதைப் பற்றிக்கொண்டு பிழைத்தார். இதைப் படித்தபோது உங்கள் நினைவுதான் வந்தது. "தண்ணி நிறைய இருக்கிற இடத்துல படகுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி" என்று கிளம்பும்போது சொன்னீர்கள்.

நீங்கள் சங்கிலியில் 10 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டிவிட்டுப் போன வண்ணத் துணிகளில் 30 மீட்டர் சிவப்பு மட்டும் தேய்ந்து போய்விட்டது. புதிதாகக் கட்டினேன், உங்களைப் போல இரட்டை முடிச்சாக.

ஒரு கேள்வியும் இருக்கிறது. காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப் பக்கம் என்றால் எங்கள் படகு தன் சங்கிலி மேலேயே ஏறி நிற்கிறது, பக்கத்துப் படகுகள் வேறு திசையில் நிற்கின்றன. அந்த மாதிரி இடத்தில் எவ்வளவு தூரம் விட்டு நிற்பீர்கள்? போன வாரம் அப்படி ஒரு இடத்தில் எனக்குத் தெரியவில்லை. தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
அன்று உங்கள் வலப்பக்கம் நின்ற படகிலிருந்து