இருட்டில் வென்ற அரையிறுதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒருநாள் கிரிக்கெட்டின் விறுவிறுப்பே இந்தியா உலகக் கோப்பையை வென்ற 1983-இல்தான் பிறந்தது என்ற தொனியில் விளையாட்டுக் கட்டுரைகள் வருவதால், 1971-இல் இங்கிலாந்துக் கவுண்டி (மாவட்ட) அணிகள் ஆடிய ஜில்லெட் கோப்பை ஒருநாள் போட்டியை நினைவூட்ட விரும்புகிறேன். அணிக்கு 60 ஓவர். தோற்றால் வெளியேற வேண்டியதுதான். ஓல்ட் டிராஃபோர்டு அரையிறுதியில் குளோஸ்டர்ஷையரின் 229 ரன்களைத் துரத்திய லங்காஷையர், மின்விளக்கு வசதியில்லாத அம்மைதானத்தில் இரவு எட்டரை மணிக்கு மேலும் ஆட நேர்ந்தது. ஐந்து ஓவரில் 25 ரன் தேவை என்றிருந்தபோது, சுழற்பந்து வீச்சாளர் மார்ட்டிமோரின் ஒரே ஓவரில் டேவிட் ஹியூஸ் 24 ரன்களை விளாசி ஆட்டத்தைச் சமன்செய்தார். பந்து கண்ணுக்குத் தெரியாத அந்த இருட்டில் இரண்டு சிக்ஸர்கள்! வெற்றி ரன்னை அடித்தவர் கேப்டன் ஜாக் பாண்ட். லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் கென்ட் அணியின் ஆசிஃப் இக்பால் 89 ரன்களுடன் வெற்றியை நெருங்கியபோது, 39 வயதான அதே பாண்ட் பாய்ந்து பிடித்த கேட்ச்தான் லங்காஷையருக்கு 24 ரன் வெற்றியைத் தேடித் தந்தது. அந்த அணியின் விக்கெட் கீப்பர் நம் ஃபரூக் எஞ்சினியர் என்பதையாவது தங்கள் கட்டுரையாளர்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்