இசை நாடகப் படிப்பு: முந்தி விண்ணப்பிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளை இசை நாடகப் பட்டப்படிப்பில் சேர்க்க நினைக்கும் அமெரிக்கவாழ் பெற்றோர் பலர் முந்தி விண்ணப்பிக்கும் முறைகளான ‘ஏர்லி டிசிஷன்’, ‘ஏர்லி ஆக்‌ஷன்’ இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். முன்னதை ஒரே கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். பின்னதில் பொதுவாக அந்தக் கட்டு இல்லை.

முந்தி விண்ணப்பிக்க நவம்பர் 1 கெடு என்றால் வேலை கோடையிலேயே தொடங்க வேண்டும். பல கல்லூரிகள் நேரடித் தேர்வுக்கு (ஆடிஷன்) முன்பே காணொளி கேட்கின்றன: மாறுபட்ட இரு பாடல்கள், தனிவசனம், நடனம். பாடல் துண்டு பெரும்பாலும் 60 முதல் 90 விநாடிதான். அக்டோபரில் அவசரமாக எடுத்தால் பின்னணி இசை குரலை அமுக்கிவிடும். நடனத்தில் பாதம் படத்துக்கு வெளியே போய்விடும். முழு உடலும் தெரிவது மிக முக்கியம்.

பணமும் கவனிக்க வேண்டியது. ‘ஏர்லி டிசிஷன்’ போட்டுக் கட்டுப்பட்டுவிட்டால் பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட வழியில்லை. கல்லூரி இணையதளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

குரல் இன்னும் நிலைப்படாத பிள்ளை என்றால், ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ நகரங்களில் பல கல்லூரிகள் ஓரிடத்தில் நடத்தும் தேர்வுக்குக் காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இப்படிக்கு,
குரல் பயிற்சியாளர் ஒருவர்