டியூஸ்பரியிலிருந்து அம்மாவுக்கு

டியூஸ்பரி, இங்கிலாந்து,
2025 நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். குளிர் வந்துவிட்டது, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. போன வாரம் போனில் நீங்கள், "அங்கே என்ன கண்ணு வேலை, துணி மடிக்கிற வேலையா?" என்று கேட்டீர்கள். அதைப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வேண்டாத துணியைத் தெருவோர இரும்புப் பெட்டிகளில் போடுவார்கள், இல்லையென்றால் தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளுக்குக் கொடுப்பார்கள். அங்கே விற்காதது மூட்டை மூட்டையாக எங்கள் கிடங்குக்கு வரும். பெல்ட்டில் ஓடிவரும் துணியை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, காலர், அக்குள், சிப் எல்லாம் பார்த்து ரகம் பிரிக்க வேண்டும். குளிர் கோட்டு கிழக்கு ஐரோப்பாவுக்கு. மெல்லிசுத் துணி ஆப்பிரிக்காவுக்கு. கிழிந்த பருத்தி மெஷின் துடைக்க. கந்தல் கம்பளி நம் நாட்டுக்கு, பானிபட்டுக்கு.

பனியன் கம்பெனியில் செக்கிங்கில், தைத்த துணியில் குறை பார்க்கிற இடத்தில், நின்ற பழக்கம் இன்னும் போகவில்லை. எதை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை ஒரு டாப்ஸ் வந்தது. ஒருமுறைகூட உடுத்தவில்லை, 4 பவுண்டு என்று போட்ட விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. லேபிளில் இந்தியா என்று மட்டும் இருந்தது. ஆனால் அந்த ஓவர்லாக் தையலும் கீழ் மடிப்பில் ஓடிய பேட்லாக் தையலும் எனக்கு நம் திருப்பூர்க் கை போலவே தெரிந்தன. பக்கத் தையலில் ஒரு இன்ச் நூல் பிசிறு. பெல்ட் நிற்காது அம்மா, இருந்தாலும் கத்திரியை எடுத்து அதை நறுக்கிவிட்டுத்தான் கூண்டில் போட்டேன். அன்று முழுக்க நீங்கள் மடியில் பீஸைக் குவித்துக்கொண்டு, பிசிறு வெட்டியபடி டியூப்லைட் அடியில் உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நின்றது.

பஞ்சு நூலாகி, நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனை பேர் கையைத் தாண்டி அது கப்பல் ஏறியிருக்கும்! ஷிப்மெண்ட் தேதி தப்பக்கூடாது என்று எத்தனை பேர் ஒன்றரை ஷிப்ட் நின்றிருப்பார்கள்! பஞ்சு விளைவதிலிருந்து கணக்கிட்டால் ஒரு பருத்தி டீசர்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறார்கள். தண்ணீர் என்றதும் எனக்கு அப்பிச்சி தோட்டத்துக் கிணறுதான் ஞாபகம் வரும். 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள், நொய்யல் ஆற்றில் வந்த சாயத்தண்ணீர் அதில் தேங்கியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனது, தென்னை ஒவ்வொன்றாகக் காய்ந்தது. அப்புறம் 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம் வீட்டில் மாதக்கணக்கில் வேலை இல்லை. தண்ணீரும் போய், வேலையும் போய் நாம் பட்ட பாட்டில் வந்த துணி, அம்மா, இங்கே ஒரு நாள்கூட யார் உடம்பிலும் இருக்கவில்லை.

வங்கதேச லேபிள் கைக்கு வந்தால் டாக்கா பக்கத்துச் சாவர் ஊர் ஞாபகம் வரும். 2013 ஏப்ரலில் தையல் கம்பெனிகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் அங்கே இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை உள்ளே போகச் சொன்னார்கள்.

பக்கத்து ஊர் பேட்லி. கந்தல் கம்பளியைக் கிழித்து நூலாக்கி மறுபடி துணி நெய்யும் தொழில் அங்கேதான் பிறந்தது, 1813இல் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கிவைத்தார் என்பார்கள். அந்தத் துணிக்கு ஷாடி என்று பெயர். அந்தக் காலத்துக் கந்தலுக்கு அப்படி ஒரு மறுபிறவி இருந்தது. இப்போது வருவதில் பருத்தி, பாலியெஸ்டர், லைக்ரா எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்து மறுபடி நூலாக்குவது பெரும்பாடு. இரண்டு சலவையில் முறுக்கிக்கொள்ளும் இந்தத் துணியை வாங்கி உடுத்த ஆளும் கிடைப்பதில்லை.

என்னோடு வேலை செய்யும் கானா நாட்டு அக்கா ஒருவர் சொன்னார், நாங்கள் அழுத்திக் கட்டும் பேல்கள், அதாவது துணி மூட்டைகள், அவர் ஊரான அக்ராவில் கான்டமாண்டோ சந்தைக்குப் போகுமாம். அங்கே இந்தத் துணிக்குப் பெயர் 'ஒப்ரோனி வாவு'. செத்துப்போன வெள்ளைக்காரன் துணி என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவர்கள் இத்தனையைத் தூக்கிப் போடுவார்கள் என்று அந்தத் துணி முதலில் வந்த காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் அந்தப் பேலைத் தலையில் சுமக்கிறார்கள், ஒரு பேல் ஏறக்குறைய 55 கிலோ இருக்கும். விற்காதது சாக்கடைக்கும் கடலுக்கும் போய்ச் சேர்கிறது. இந்த ஜனவரியில் அந்தச் சந்தையில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

இங்கே யாருக்கும் இது தெரியாமல் இல்லை. 2019இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, விற்கும் உடுப்பு ஒன்றுக்கு ஒரு பென்னி வசூலித்து, துணியைச் சேகரித்துப் பிரிக்கும் வேலைக்குச் செலவிடலாம் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பென்னி நம் கணக்கில் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். முதலில் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், இப்போது பிசிறு வெட்ட பீஸுக்கு எவ்வளவு தருகிறார்கள்? கானா அக்கா கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விசாரித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி