சாரத்தில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, நடவு முடிந்தது. அத்தை வீட்டு விசேஷத்தில் நீ ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். வேலை என்று சொல்லி வைத்தேன்.

கோயம்புத்தூரில் நீ வரைகிற நாலு மாடிச் சுவரின் போட்டோவைத் தம்பி காட்டினான். நம் அரிட்டாபட்டி லகர் வல்லூறை அப்படியே இறக்கியிருக்கிறாய். கண்ணுக்குக் கீழே வரும் கருங்கோட்டைக்கூட விடவில்லை. பின்னால் கழிஞ்சமலைப் பாறை, வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் ஒரு நிறம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று நம் ஊரை அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு, 2025 ஜனவரியில் அது ரத்தானது. அந்த மலைப் பறவையை இப்போது வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கீழே நிற்கிறவர்களுக்கு உச்சியில் இருப்பது சிறுத்துத் தெரியும் என்று தலையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறாய். கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவர்கள் குருவிடம் இருந்து படிக்கிற விஷயம் இது. உனக்கு யார் சொல்லித் தந்தது? மாட்டுக் கொட்டகைச் சுவரும் கரித்துண்டும்தானே.

ஆனால் அந்தச் சாரம் யார் கட்டியது? மேல் தட்டில் இடுப்பு உயரத்துக்குக் குறுக்குக் கம்பியே இல்லை. பலகை இரண்டுதான் கிடக்கிறது. பலகை நுனி கம்பியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஏறாதே, அதை மிதித்தால் மறுமுனை தூக்கிவிடும். சாரத்தைச் சுவரோடு கட்டியிருக்கிறதா என்று தினம் காலையில் நீயே ஆட்டிப் பார். கொத்தனார் வேலையில் யாரும் பின்னால் நகர்ந்து பார்க்க மாட்டார்கள். படம் வரைகிறவள் நகர்வாள். வரைந்தது சரியாக வந்திருக்கிறதா என்று ஓரடி பின்னால் வைப்பாள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்தப்பாவின் முதுகு உனக்குத் தெரியும். படத்தைப் பார்க்க வேண்டுமா, இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார். எத்தனை தடவை ஆனாலும் இறங்கிப் பார்.

புதுப் பூச்சாக இருந்தால் ஒரு மாதமாவது காயவிடச் சொல். சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். ஓதம் ஏறுகிற சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் உரியும், அடியை முதலில் தடவிப் பார். மேற்கு பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், காவி நிற்கும். அழகர்கோவில் வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயணப் படங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை அந்தக் காவியைப் பற்றியே பேசினாயே.

நர்சிங் சீட்டை வேண்டாம் என்று நீ கிளம்பியபோது அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது பால்காரர் வந்தாலும் போட்டோவை எடுத்துக் காட்டுகிறாள். அவளுக்கு ஒரு போன் பண்ண உனக்கு நேரமில்லையா? மெசேஜ் மட்டும் வருகிறது. அதுவும் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வரி. முன்பு நீ அப்படி எழுத மாட்டாய், பாப்பா.

கடைசியாக வந்த போட்டோவில் இடது கையில் பிரஷ் வைத்திருக்கிறாய். வலது கை துப்பட்டாவுக்குள் இருக்கிறது. ஓவியர்கள் இரண்டு கையாலும் பழகுவார்கள் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். அந்தப் போட்டோவை அம்மாவிடம் நான் காட்டவில்லை.

மேலூரில் தோளும் தொடையும் சேர்த்து மாட்டுகிற பெல்ட்டும் கயிறும் வாங்கி கூரியரில் போட்டிருக்கிறேன். கொக்கியைச் சாரத்தில் மாட்டாதே, கட்டிடத்தில் உறுதியான இடம் பார்த்து மாட்டு. சாரம் சாய்ந்தால் உன்னையும் சேர்த்து இழுக்கும். பணத்தைப் பற்றி யோசிக்காதே, வேறு எந்தச் செலவாக இருந்தாலும் சொல், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

பார்சல் கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு. பெல்ட்டை நீயே மாட்டிக் காட்டு, கொக்கி சரியாக விழுகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா