காகிதக் கோனைத் தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவோருக்கு ஞாயிறு இணைப்பில் யோசனைகள் கொடுத்திருந்தீர்கள். மற்றதெல்லாம் சரி. "காகிதக் கோன் உள்ளதைத் தவிர்க்கவும், உலோகமோ கார்பன் ஃபைபரோ நல்லது" என்ற வரியைத்தான் விழுங்க முடியவில்லை. கோன் என்பது ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் புனல் வடிவப் பகுதி. தூத்துக்குடியில் ஸ்பீக்கருக்குக் காயில் (கோனைத் தள்ளும் கம்பிச் சுருள்) மாற்றி, கோன் ஒட்டிப் பிழைப்பவன் நான். மைக் செட்காரர் பாக்ஸிலிருந்து கார் ஸ்பீக்கர் வரை என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி காகிதம்தான்.

காயில் தள்ளும்போது முழுசாக, ஒரே உடம்பாக முன்னும் பின்னும் போவதுதான் கோனின் வேலை. தாழ்ந்த சுருதியில் எந்தக் கோனும் அப்படிப் போய்விடும். சுருதி ஏற ஏற, காயில் ஒட்டிய கழுத்து நகர்ந்த பிறகுதான் விளிம்பு நகரும். ஒரு கட்டத்தில் கழுத்து முன்னே வர, விளிம்பு பின்னே போகும். கோன் குலைவது என்பது இதுதான். பாட்டிலே இல்லாத ஒலி அங்கேதான் முளைக்கிறது. ஆகவே கோன் எடை குறைவாக இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும், தனக்குள் எழும் அதிர்வைத் தானே அடக்கவும் வேண்டும். இந்த மூன்றாவது குணத்தை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அலுமினியம் விறைப்பானது. அதனால் அது குலைவது மேல் சுருதியில்தான். ஆனால் குலைந்தால் வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டியதுபோல் கணீரென்று நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் அந்தச் சுருதி வருமுன்பே கிராஸ்ஓவரில் (சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சுற்றில்) வெட்டிவிடுவார்கள். நம் கடைத்தெருவில் விற்கும் மலிவு பாக்ஸ் பலவற்றைத் திறந்து பாருங்கள்: மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கராகிய ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். தாழ்ந்த சுருதிக்கான பெரிய ஸ்பீக்கராகிய ஊஃபருக்கு ஆம்பிளிஃபயர் ஒயர் நேராகப் போகும். அங்கே உலோகக் கோன் இருந்தால் 'ஸ', 'ஷ' எல்லாம் காதைக் குத்தும். காகிதத்தில் பின்னிக் கிடக்கும் நார்களோ ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். முன்னதாகவே குலையும், ஆனால் மெதுவாகக் குலையும்.

1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் இருவரும் இன்றைய ஸ்பீக்கரின் மூல வடிவத்தை வெளியிட்டபோதே கோன் காகிதம்தான். அது பழங்கதை என்பவர்கள் யமஹாவின் என்எஸ்-10 ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். 1978-இல் வந்தது, தாளை வெட்டிச் சுருட்டி ஓரம் ஒட்டிய வெள்ளைக் கோன். உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதில் கேட்டுத்தான் மிக்ஸிங் செய்தார்கள். 2001-இல் நிறுத்தியபோது யமஹா சொன்ன காரணம், அந்தக் கோனுக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்கவில்லை என்பது. கிட்டார் ஆம்பிளிஃபயர்களில் இன்றும் பெரும்பாலும் காகிதமே. அங்கே அந்தக் குலைவுதான் சுவை.

வடிவத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. ஒரே காகிதத்தில் நேர்ச்சாய்வுக் கோன் ஒரு விதமாகவும், வளைந்து விரியும் கோன் வேறு விதமாகவும் பேசும். ஆழம் குறைந்தால் விறைப்பும் குறையும். தூசி புகாமல் நடுவில் ஒட்டும் மூடியான டஸ்ட் கேப்பை மாற்றினாலே மேல் சுருதி மாறிவிடும். பளபளவென்று அலுமினியக் கேப் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "பழைய குரல் இல்லையே அண்ணாச்சி" என்று திரும்பி வருபவர்கள் உண்டு.

இன்னொரு வேடிக்கை. கார்பன் ஃபைபர் என்று சொல்லி வாங்கியவை சிலவற்றைக் கிழித்திருக்கிறேன். மேலே பின்னல் அச்சிட்ட மெல்லிய உறை, உள்ளே சாட்சாத் காகிதம்!

காகிதத்துக்குக் குறை இருக்கிறது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஈரம் குடித்து எடை கூடும், பூஞ்சை பிடிக்கும். வெட்டவெளியில் வைப்பதற்குப் பூச்சுக் கொடுத்த காகிதமோ பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கோ கேளுங்கள் என்று நானே சொல்வேன். காகிதக் கோன்கள் ஒன்றுபோல் ஒன்று அமையவில்லை என்றுதான் பிபிசி பொறியாளர்களும் 1960-களில் பெக்ஸ்ட்ரீன் பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். அதிர்வை அடக்க அதன்மேல் ஒரு பூச்சுப் பூச வேண்டி வந்தது, எடை கூடியது. பிறகுதான் பாலிப்ரோப்பிலீன் வந்தது. அது தானாகவே அதிர்வை அடக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரே தலைவலி, சாதாரணப் பசை பிடிக்காது.

இடமில்லை என்றால் மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடுங்கள், இதை மட்டும் போடுங்கள்: கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ஸ்பீக்கரே போய்விட்டது என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் கோன் நன்றாகவே இருக்கும். வளையத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் பழுது பார்க்கும் வாசகர்,
தூத்துக்குடி.