இரும்பாலை ஊருக்கு ஓர் எஃகுச் சிற்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு கோடை விழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன். பூவில் செய்த உருவங்களைப் பார்க்க அவ்வளவு கூட்டம், ஆனால் எல்லாம் சில நாளில் வாடிவிடும். 1980களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிற ஊர் நம் சேலம், கஞ்சமலையில் இரும்புக் கல்லே கிடக்கிறது, அப்புறம் ஏன் நம் ஊரில் வருஷக்கணக்கில் நிற்கிற மாதிரி பெரிய எஃகுச் சிற்பம் ஒன்றை வைக்கக் கூடாது?

தலைவர் சிலையைக் கேட்கவில்லை. இன்னதென்று சொல்ல முடியாத, பார்க்கிறவருக்கு ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிற வடிவம். சிகாகோவில் 1967இல் பிக்காசோவின் 50 அடி எஃகுச் சிற்பத்தைத் திறந்தபோது இது என்ன கண்றாவி என்று திட்டினார்கள், இன்று அதன் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். அதைச் செய்ததும் பக்கத்து ஊர் இரும்பாலைதான்.

அந்தச் சிகாகோ சிற்பம் துருவே மேல்தோலாகி உள்ளே இருப்பதைக் காக்கிற வகை எஃகு. நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அந்தத் தோல் பிடிக்கும். ஏற்காட்டுப் பனியில் ஈரம் காயாது, துருத்தண்ணீர் பீடத்தில் வழியும். அங்கே 304 என்கிற ரக எவர்சில்வர்தான் சரி. ஏரிக்கரையில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்தால் பனி இறங்கும்போது சிற்பம் இருப்பதே தெரியாது, விலகும்போது மரமெல்லாம் அதில் தெரியும். கீழே சேலத்தில் வைப்பதானால் பளபளப்பு வேண்டாம், மே மாத வெயிலில் கண் கூசும், தொட்டால் கை சுடும்.

செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில வருடம் முன்பு ஓர் இடத்தில் வைத்த எவர்சில்வர் வளைவில் இரண்டு மழைக்குள் வெல்டிங் ஓரமெல்லாம் செம்புள்ளி. தகட்டில் குறையில்லை. சாதா இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலை இதிலும் போட்டிருந்தார்கள், அந்தத் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்துவிட்டது. வீலைத் தனியாக வைத்து, ஆர்கான் வாயு வெல்டிங் போட்டு, கடைசியில் ஆசிட் பேஸ்ட் தடவிக் கழுவினால் இந்தத் தொல்லை வராது.

மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் இரும்பாலையும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். சிற்பியை எங்கிருந்து வேண்டுமானாலும் அழைக்கலாம், வேலையைச் சேலத்துப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். ஒரு மீட்டர் வெல்டிங்காவது என் கையால் போடக் கிடைத்தால் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
முப்பது வருட வெல்டிங் பட்டறைக்காரர்,
கொண்டலாம்பட்டி, சேலம்